வாக்கும் அமானிதம், அதைக் காப்போரும் அமானிதம்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிர்வாகக் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)





ஆண்டுதோறும் இக்கூட்டத்தில் வரவு செலவுக் கணக்கை வாசிக்கின்றோம். கணக்கைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. கணக்கைக் காட்டும் கடமை எங்களுக்கு உண்டு. இவ்வாண்டு பணக் கணக்கோடு மற்றுமொரு கணக்கையும் உங்கள் முன் வைக்கக் கடமைப்பட்டுள்ளோம். அது வாக்குக் கணக்கு. அந்தக் கணக்கை எழுதும் எளிய அலுவலர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடனைப் பற்றியதும் ஆகும்.

நமது தவறு ஒன்று

முதலில் நமது தவறையே சொல்லிவிடுகின்றோம். நமது மஹல்லாவைச் சேர்ந்த ஆசிரியை ஒருவர் ஒரு தேர்தலின்போது சாத்தூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராகப் பணியாற்றினார். முற்பகலில் இயந்திரம் பழுதுற்றது. அவர் விதிப்படி மண்டல அலுவலருக்குத் தகவல் தந்தார். மாற்று இயந்திரம் ஜீப்பில் வந்தது. முகவர்கள் முன்னிலையில் மீண்டும் மாதிரி வாக்குப்பதிவு நடத்திக் காட்டி, அவர்களிடம் கையொப்பம் பெற்று, வாக்குப்பதிவைத் தொடர்ந்தார். ஜீப்பிலிருந்து இயந்திரம் இறக்கப்படுவதை யாரோ கைப்பேசியில் படம் பிடித்தனர். "இயந்திரத்தை மாற்றிவிட்டார்கள்" என்ற வாசகத்தோடு அந்தப் படம் ஊரெங்கும் பரவியது.

அப்படம் நமது ஜமாஅத்தின் வாட்ஸ்அப் குழுவிலும் வந்தது. அதை வேறு குழுக்களுக்கு அனுப்பியவர்களில் நமது நிர்வாகக் குழுவினர் இருவரும் அடங்குவர். அந்தச் சாவடியில் இருந்தவர் நமது பிள்ளை என்பதை அப்போது நாங்கள் அறியோம். அறிந்திருந்தால் அனுப்பியிருக்க மாட்டோம் என்று சொல்வது சமாதானமும் ஆகாது. வேறு எவருடைய பிள்ளையாயினும் அது அவதூறே. மறுநாள் கடைத்தெருவில் அவருடைய தாயாரிடம், "உங்கள் மகள் எவ்வளவு வாங்கினார்?" என்று கேட்டிருக்கின்றனர். வாக்கு எண்ணிக்கையன்று அச்சாவடியின் கணக்கு ஒரு வாக்குகூடப் பிசகாமல் பொருந்தியது. அச்செய்தியை யாரும் பரப்பவில்லை, நாங்களும் பரப்பவில்லை.

விசாரித்து அறியாத செய்தியைப் பரப்புவது எத்துணைப் பெரிய குற்றம் என்பதை ஜுமுஆ மேடையில் பல முறை கேட்டிருக்கின்றோம். கேட்டதை மறந்தோம். இவ்வுரை அந்த மறதிக்கான பரிகாரமாகும்.

ஒரு பகலும் இரண்டு இரவுகளும்

வாக்குச்சாவடியில் நாம் செலவிடுவது சில நிமிடங்கள். அங்குள்ள அலுவலர்களோ முதல் நாளே பயிற்சி மையத்திற்குச் சென்று, எந்த ஊர் என்பதை அங்கேதான் அறிந்து, இயந்திரங்களையும் படிவங்களையும் பெற்று, பள்ளிக்கூட வகுப்பறையில் இரவைக் கழிக்கின்றனர். எவருக்கு எந்தச் சாவடி என்பதைக் கணினி வழியாகக் குலுக்கல் முறையிலேயே முடிவு செய்கின்றனர். யாரும் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ள இயலாதிருப்பதற்கே இம்முறை.

காலை 7 மணிக்கு வாக்குப்பதிவு என்றால், அதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே மாதிரி வாக்குப்பதிவு தொடங்கவேண்டும். குறைந்தது 50 வாக்குகளைப் பதிந்து, முகவர்களுக்கு எண்ணிக் காட்டி, அவற்றை அழித்த பின்னரே இயந்திரத்திற்கு முத்திரையிடுவர். அதன்பின் ஓர் அலுவலர் பட்டியலில் பெயர் பார்க்கின்றார். மற்றொருவர் விரலில் மை வைத்துக் கையொப்பம் வாங்குகின்றார். வேறொருவர் கட்டுப்பாட்டுக் கருவியை இயக்குகின்றார். அந்த மை 1962ஆம் ஆண்டுத் தேர்தல் முதல் மைசூரில் உள்ள அரசு நிறுவனத்தில் தயாராகி வருகின்றது.

மாலையில் வாக்குப்பதிவு முடிந்ததும், பதிவான மொத்த வாக்குகளை 17-சி என்னும் படிவத்தில் எழுதி, ஒவ்வொரு முகவருக்கும் கையொப்பமிட்ட படி தரவேண்டும். எண்ணிக்கை நாளில் இயந்திரம் காட்டும் மொத்தமும் அப்படிவத்தில் உள்ள மொத்தமும் பொருந்தவேண்டும். வாக்குச்சாவடிக்கும் எண்ணிக்கைக் கூடத்திற்கும் இடையே கட்டப்பட்ட கயிறு அந்த ஒரு தாள்தான். இயந்திரங்களை ஒப்படைத்துவிட்டு அவர்கள் வீடு திரும்பும்போது நள்ளிரவு கடந்திருக்கும்.

அவர்கள் நமக்காக நின்றனர்

2022 பிப்ரவரி 19 அன்று தமிழகத்தில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடைபெற்றது. நமக்கு அண்மையிலுள்ள மதுரை மாவட்டம் மேலூர் நகராட்சியின் ஒரு சாவடிக்கு ஹிஜாப் அணிந்த சகோதரி ஒருவர் வாக்களிக்க வந்தார். ஒரு கட்சியின் முகவர் அதற்கு மறுப்புத் தெரிவித்துக் கூச்சலிட்டார். பிற கட்சிகளின் முகவர்கள் அவரைக் கண்டித்தனர். தேர்தல் அலுவலர்கள் அந்த மறுப்பை ஏற்கவில்லை. இறுதியில் காவல் துறையினர் அம்முகவரைச் சாவடியிலிருந்து வெளியேற்றினர், வாக்குப்பதிவும் தொடர்ந்தது.

அன்று அங்கிருந்த அலுவலர்கள் எந்த மதத்தினர், எந்தச் சாதியினர் என்று நாம் கேட்கவில்லை, கேட்கவேண்டியதும் இல்லை. விதி என்ன சொல்கிறதோ அதை அவர்கள் செய்தனர். முகத்தை மறைக்கும் பழக்கமுள்ள பெண்கள் மிகுதியாக உள்ள சாவடிகளில், பெண் அலுவலர் ஒருவர் தனியே முகம் பார்த்து அடையாளம் காண ஏற்பாடு செய்யவேண்டும் என்பதும் தேர்தல் நடைமுறையே. அந்த ஏற்பாட்டைக் கேட்டுப் பெறுவது நமது உரிமை. பெண் அலுவலர் கேட்கும்போது முகத்தைக் காட்டி ஒத்துழைப்பது நமது கடமை.

விருதுநகர் மாவட்டத்திலேயே இதனினும் கடினமான காரியம் ஒன்று நடந்தேறியது. மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய மூன்று ஊராட்சிகளையும், நமது மாவட்டத்தின் கொட்டகச்சியேந்தல் ஊராட்சியையும் மூத்தவர்கள் நினைவில் வைத்திருப்பீர்கள். தலைவர் பதவி தாழ்த்தப்பட்ட மக்களுக்கு ஒதுக்கப்பட்டதால், 1996 முதல் பத்தாண்டுக் காலம் அங்கே முறையான தேர்தல் நடைபெறவில்லை. மனுத்தாக்கல் செய்ய ஆள் இருக்காது. இருந்து வென்றாலும் உடனே பதவி விலகிவிடுவர். தேர்தலை அறிவிப்பதும், அது வெறுமையாய் முடிவதும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தன. 2006 அக்டோபரில் அந்நான்கு ஊராட்சிகளிலும் தேர்தல் நடந்து, தலைவர்கள் பொறுப்பேற்றனர். மதுரையில் அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் திரு. த. உதயச்சந்திரன். அலுவலர்கள் ஊர் ஊராகச் சென்று பேசி, அச்சத்தைப் போக்கி, வாக்குப் பெட்டியைக் கொண்டு சேர்த்த உழைப்பு அதன் பின்னே இருக்கின்றது.

அந்த உழைப்பு இல்லாவிடில் என்ன நேரும் என்பதற்கு மேலூரை அடுத்த மேலவளவு சான்று. 1996இல் அங்கு வாக்குப் பெட்டிகள் பறிக்கப்பட்டன. மறுபடியும் தேர்தல் நடந்தது. வென்று ஊராட்சித் தலைவரான முருகேசனும் அவரோடு ஐவரும் 1997 ஜூன் 30 அன்று படுகொலை செய்யப்பட்டனர். வாக்குப் பெட்டியைப் பறிக்கும் கை அத்தோடு நிற்பதில்லை; அடுத்து உயிரையும் பறிக்கும். தேர்தலின் நேர்மை என்பது பெரிய கட்சிகளின் விவகாரம் என்று எண்ணுவோர் இதைச் சிந்திக்கவேண்டும். எண்ணிக்கையிலும் வலிமையிலும் குறைந்த மக்களுக்குத்தான் நேர்மையான தேர்தல் மிகுதியாகத் தேவைப்படுகின்றது.

ஐயம் எழுந்தால் என்ன செய்வது?

அலுவலர்களை ஆதரிப்பது என்றால் அவர்கள் செய்வதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஏற்பது என்று பொருளா என நீங்கள் கேட்கலாம். இல்லை என்பதே எங்கள் மறுமொழி. அமானிதத்தைச் சுமப்பவரிடம் கணக்குக் கேட்பது குற்றமன்று. ஆயின், கேட்கும் இடமும் முறையும் உண்டு. நமது பைத்துல்மால் கணக்கில் ஐயம் இருந்தால் இக்கூட்டத்தில் எழுந்து கேட்பீர்கள். தெருவில் நின்று பொருளாளரைத் திருடர் என்று ஏசமாட்டீர்கள். தேர்தலுக்கும் இதே நெறிதான்.

இதற்கு நமது மண்ணிலேயே சான்றுகள் உள்ளன. 1967 சட்டமன்றத் தேர்தலில், விருதுநகரில் பிறந்து வளர்ந்து ஒன்பதாண்டுகள் முதலமைச்சராக இருந்த பெருந்தலைவர் காமராசர், அதே விருதுநகர்த் தொகுதியில், மாணவர் தலைவராக அறியப்பட்ட பெ. சீனிவாசனிடம் 1,285 வாக்குகளில் தோற்றார். அகில இந்தியக் காங்கிரசின் தலைவர் பதவியில் அவர் அப்போது இருந்தார். மக்கள் அளித்த தீர்ப்பை அவர் ஏற்றுக்கொண்டார். 1969இல் நாகர்கோவில் நாடாளுமன்ற இடைத்தேர்தலில் நின்று மீண்டும் மக்கள் மன்றத்திற்குச் சென்றார். தோற்றவர் தோல்வியை ஏற்பது தேர்தலுக்கு அவர் செய்யும் தொண்டு.

ஏற்க இயலாத நிலையும் உண்டு. 2016இல் திருநெல்வேலி மாவட்டம் இராதாபுரத்தில் வெற்றி வித்தியாசம் 49 வாக்குகள் மட்டுமே. தோற்ற வேட்பாளர் அப்பாவு உயர் நீதிமன்றத்தை நாடினார். அஞ்சல் வாக்குகளில் 203 வாக்குகள், தலைமை ஆசிரியர் சான்றொப்பம் இட்டது செல்லாது என்ற காரணத்தால் தள்ளப்பட்டிருந்தன. அவற்றையும் மூன்று சுற்று வாக்குகளையும் மீண்டும் எண்ணுமாறு 2019 அக்டோபரில் உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. முடிவை வெளியிடுவதற்கு உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2021இல் அந்தச் சட்டமன்றத்தின் காலமே முடிந்துவிட்டது. அஞ்சல் வாக்குகள் பெரும்பாலும் தேர்தல் பணியில் இருந்த ஊழியர்கள் அளித்தவை. பிறர் வாக்கைக் காத்தவர்களின் சொந்த வாக்கே எண்ணப்படாமல் போகக்கூடும் என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது. நீதி இத்துணைத் தாமதமாவது குறைதான். அக்குறையைச் சுட்டுவதும் தேர்தலைக் காக்கும் பணியே.

2024 நாடாளுமன்றத் தேர்தலில் நமது விருதுநகர்த் தொகுதி நாடெங்கும் பேசப்பட்டது. காங்கிரசின் மாணிக்கம் தாகூர் 3,85,256 வாக்குகளும், தேமுதிகவின் விஜய பிரபாகரன் 3,80,877 வாக்குகளும் பெற்றனர். வித்தியாசம் 4,379. எண்ணிக்கையில் ஐயம் உண்டு என்று தோல்வியுற்ற தரப்பு உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு தாக்கல் செய்தது. முடிவு வெளியான 45 நாட்களுக்குள் அவ்வாறு மனுச் செய்யச் சட்டம் இடந்தருகின்றது. யார் சொல்வது சரி என்று தீர்ப்பது நீதிமன்றத்தின் வேலை, நமது வேலையன்று. கேள்வி கேட்பவர் நீதிமன்றத்தில் கேட்டார் என்பதையே நாம் கவனிக்கின்றோம். வித்தியாசம் குறையக் குறைய, அலுவலரின் ஒவ்வொரு கையெழுத்தும் கனமாகின்றது. நமது ஒவ்வொரு சொல்லும்கூடக் கனமாகின்றது.

சொல்லின் கனத்தை அறிய அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்லலாம். 2020 அதிபர் தேர்தலில் ஜார்ஜியா மாநிலத்தின் அட்லாண்டாவில் வாக்கு எண்ணும் பணியில் இருந்தவர்கள் ரூபி ஃப்ரீமன் என்ற தாயும், ஷே மாஸ் என்ற அவருடைய மகளும். அவர்கள் கள்ள வாக்குகளை எண்ணியதாக ஒரு காணொளித் துண்டைக் காட்டிப் பரப்புரை செய்தனர். விசாரணையில் குற்றச்சாட்டு முழுப் பொய் என்று தெரிந்தது. அதற்குள் கொலை மிரட்டல்கள் குவிந்து, அத்தாய் தமது வீட்டைவிட்டே வெளியேற நேர்ந்தது. அவதூறு செய்த ரூடி ஜூலியானி என்ற பெரும் வழக்கறிஞர் 14.8 கோடி டாலர் இழப்பீடு தரவேண்டும் என்று 2023 டிசம்பரில் நடுவர் குழு தீர்ப்பளித்தது. பணம் தீர்ப்பாகலாம், இழந்த நிம்மதி திரும்புமா? கடைத்தெருவில் ஒரு தாயிடம் கேட்கப்பட்ட அந்தக் கேள்வியையும் இதனோடு வைத்துப் பாருங்கள்.

உழைப்பின் சுமை

உலகில் முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் நாடான இந்தோனேசியாவில், 2019 ஏப்ரல் 17 அன்று அதிபர், நாடாளுமன்றம், வட்டார மன்றங்கள் அனைத்திற்கும் ஒரே நாளில் தேர்தல் நடந்தது. வாக்குகளைக் கையால் எண்ணினர். இரவு பகலாக உழைத்த சாவடிப் பணியாளர்களில் 894 பேர் உயிரிழந்தனர். 5,000க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். அடுத்து வந்த 2024 தேர்தலில் பணியாளருக்கு வயது வரம்பு விதித்து, உடல்நலப் பரிசோதனையையும் கட்டாயமாக்கினர். உயிரிழப்புகள் பெரிதும் குறைந்தன. நமது நாட்டிலும் 2024 ஜூன் 1 அன்று, இறுதிக் கட்ட வாக்குப்பதிவின்போது உத்தரப் பிரதேசத்தில் வெப்பம் தாளாமல் 33 தேர்தல் பணியாளர்கள் மாண்டனர்.

தமிழகத்தில் 2025 நவம்பர் 4 முதல் நடைபெற்ற வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தை நீங்கள் அறிவீர்கள். வாக்குச்சாவடி நிலை அலுவலர்கள், அதாவது ஆசிரியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், வருவாய்த் துறை ஊழியர்கள், தமது அன்றாடப் பணியோடு வீடு வீடாகப் படிவம் கொடுத்து வாங்கினர். பணிச்சுமை தாளாமல் அலுவலர்கள் இறந்ததாகப் பல மாநிலங்களிலிருந்து செய்திகள் வந்தன. கூடுதல் ஊழியர்களை அமர்த்திச் சுமையைக் குறைக்குமாறு 2025 டிசம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் மாநில அரசுகளுக்கு ஆணையிட்டது. டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் தமிழகம் முழுவதும் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இடம்பெறவில்லை. இறந்தோர், இடம்பெயர்ந்தோர், இரட்டைப் பதிவு என்பன காரணங்களாகக் கூறப்பட்டன.

இவ்விடத்தில் நமது வட்டாரத்தின் இயல்பைச் சொல்லியாக வேண்டும். சிவகாசி, சாத்தூர், விருதுநகர்ப் பகுதிகளில் பட்டாசு ஆலைக்குச் செல்லும் ஆணும் பெண்ணும் விடியலிலேயே ஆலை வேனில் ஏறிவிடுகின்றனர், மாலையில்தான் திரும்புகின்றனர். பகலில் அலுவலர் வந்து கதவைத் தட்டினால் பூட்டுத்தான் இருக்கும். இரண்டு மூன்று முறை பூட்டைக் கண்டவர், அவ்வீட்டில் ஆள் இல்லை என்று எழுதினால், பிழை அவருடையது மட்டுமா? பக்கத்து வீட்டில் இருந்தும் வாய் திறவாத நம்முடையதும் அல்லவா?

நமது பெயர்களிலும் சிக்கல் உண்டு. ஒரே மனிதர் ஓர் அட்டையில் முகமது, மற்றொன்றில் முஹம்மத். ஒரே தாயார் ஓரிடத்தில் பீவி, வேறோரிடத்தில் பேகம். மணமான பெண்ணுக்கு ஒரு பட்டியலில் தந்தை பெயர், மற்றதில் கணவர் பெயர். 1951-52இல் நடந்த முதல் பொதுத் தேர்தலில், இன்னார் மனைவி, இன்னார் மகள் என்று மட்டுமே சொல்லித் தமது பெயரைச் சொல்ல மறுத்த ஏறக்குறைய 28 லட்சம் பெண்களின் பெயர்கள் நாடெங்கும் நீக்கப்பட்டன. அப்போது தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த சுகுமார் சென், பெயரில்லாத பதிவை ஏற்க மறுத்தார். கடுமையாகத் தோன்றினும், பெண்ணுக்குச் சொந்தப் பெயரோடு வாக்குரிமை உண்டு என்பதை அது நிலைநாட்டியது. நாம் செய்யவேண்டியது, நமது பெண்களின் பெயரை ஒரே எழுத்தில், எல்லா ஆவணங்களிலும் சரியாகப் பதிவு செய்வதே.

நமது ஊரும் நமது தொழிலும்

திருமங்கலம் இன்று நமது நாடாளுமன்றத் தொகுதியைச் சேர்ந்தது. 2009 ஜனவரியில் அங்கு நடந்த இடைத்தேர்தலுக்குப் பின், வாக்குக்குப் பணம் கொடுப்பதற்கே அவ்வூரின் பெயரால் ஒரு சொல் நாடெங்கும் வழங்கத் தொடங்கியது. ஓர் ஊருக்கு இதைவிட வேறென்ன அவமானம் வேண்டும்? கொடுப்பவரும் வாங்குபவரும் சட்டத்தின் முன் குற்றவாளிகளே. வாக்கு என்பது சாட்சியம் என்று நமது ஆலிம்கள் விளக்கியுள்ளனர். பணம் வாங்கிக்கொண்டு சாட்சி சொல்பவரை நாம் என்னவென்று அழைக்கின்றோம்? அந்தப் பெயரை நமக்கு நாமே சூட்டிக்கொள்ளலாமா?

அச்சுத் தொழிலில் இருக்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. சிவகாசி அச்சகங்களில் தேர்தல் சுவரொட்டியும் துண்டறிக்கையும் இலட்சக்கணக்கில் ஓடுகின்றன. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127-ஏ பிரிவு, அச்சிடுபவர், வெளியிடுபவர் பெயரும் முகவரியும் அத்தாளில் இருக்கவேண்டும் என்கின்றது. வெளியிடுபவரை அறிந்த இருவர் சான்றளித்த உறுதிமொழியைப் பெறவேண்டும். அச்சிட்ட படியை அதிகாரியிடம் அளிக்கவேண்டும். மீறினால் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனையோ, அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும். பெயரில்லாத் தாளில்தான் அவதூறு பிறக்கின்றது. இரண்டு வரி அச்சுக் கோப்பதில் கூலி குறைந்துவிடாது.

ஆலை நடத்துவோருக்கும் நினைவூட்டுகின்றோம். வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுமுறை அளிக்கச் சட்டத்தின் 135-பி பிரிவு பணிக்கின்றது. தினக்கூலியாருக்கும் அது பொருந்தும்.

ஜமாஅத்தின் தீர்மானங்கள்

இவற்றையெல்லாம் சிந்தித்து, நிர்வாகக் குழு பின்வரும் தீர்மானங்களை உங்கள் ஒப்புதலுக்கு வைக்கின்றது.

1. பள்ளிவாசலின் மிம்பரிலோ, வளாகத்திலோ எந்தக் கட்சிக்கும் வேட்பாளருக்கும் வாக்குக் கேட்க இடந்தரப்படாது. வாக்களியுங்கள் என்று சொல்வோம். யாருக்கு என்று சொல்லமாட்டோம்.

2. வாக்காளர் பட்டியல் திருத்தக் காலத்தில், மஃரிபுக்குப் பின் மதரஸாக் கூடத்தை வாக்குச்சாவடி நிலை அலுவலர்களின் முகாமுக்கு அளிக்க இசைவு தெரிவித்து, உரிய அதிகாரிக்கு எழுதுவோம். ஆலையிலிருந்து திரும்பும் எல்லாச் சமுதாயத்தினரும் அங்கே வரலாம். படிவம் நிரப்ப நமது கல்லூரி மாணவ மாணவியர் உதவுவர். கையொப்பத்தை உரியவரே இடவேண்டும்.

3. பெயர் விடுபட்டோர் படிவம் 6 அளிக்கவும், திருத்தம் வேண்டுவோர் படிவம் 8 அளிக்கவும் வழிகாட்டுவோம். ஆதாரமின்றிப் பிறர் பெயரை நீக்கக் கோரும் படிவம் 7-ஐ நமது ஜமாஅத்தினர் எவரும் அளிக்கலாகாது.

4. வாக்குச்சாவடி அமையும் பள்ளிக்கூடங்களில் குடிநீர், மின்விசிறி, கழிப்பறை, சாய்தளம் ஆகியவை உள்ளனவா என்று முன்கூட்டியே பார்த்து, குறையிருப்பின் நகராட்சிக்கும் வட்டாட்சியருக்கும் மனு அளிப்போம். தேர்தல் நாளில் அலுவலர்களுக்கு நாமே உணவு வழங்குவதைத் தவிர்ப்போம். நமது அன்பு அவர்களுடைய நடுநிலைக்கு இழுக்காகிவிடக் கூடாது.

5. தேர்தல் தொடர்பான குற்றச்சாட்டு எதுவும், எந்தச் சாவடி, எந்த நேரம், கண்டவர் யார் என்ற விவரமின்றி ஜமாஅத் குழுவில் பகிரப்படாது. உண்மையான முறைகேட்டைக் கண்டவர் 1950 என்ற எண்ணிலோ, சி-விஜில் செயலி வழியாகவோ, சாவடியின் தலைமை அலுவலரிடமோ புகார் அளிக்க ஜமாஅத் துணை நிற்கும்.

6. இதே ஒழுங்கை நமது ஜமாஅத் நிர்வாகத் தேர்தலிலும் கடைப்பிடிப்போம். வாக்காளர் பட்டியல் முன்கூட்டியே பலகையில் ஒட்டப்படும். எண்ணிக்கை அனைவர் முன்னிலையிலும் நடைபெறும். தோற்றவரின் ஐயத்திற்கு எழுத்தில் விடையளிக்கப்படும். வீட்டில் செய்யாததை நாட்டில் எதிர்பார்க்க நமக்கு உரிமையில்லை.

நிறைவாக

தலைமைத் தேர்தல் ஆணையராக விளங்கிய எஸ்.ஒய். குரைஷி அவர்கள் காலத்தில், 2011 முதல், ஜனவரி 25ஆம் நாள் தேசிய வாக்காளர் தினமாகக் கொண்டாடப்படுகின்றது. 1950இல் தேர்தல் ஆணையம் தோன்றிய நாள் அது. இனி ஆண்டுதோறும் அந்நாளில், நமது மஹல்லாவிலும் அண்டைத் தெருக்களிலும் தேர்தல் பணியாற்றிய ஆசிரியர்களையும் அலுவலர்களையும் அழைத்து, மதரஸாக் கூடத்தில் அவர்களுடைய அனுபவங்களைக் கேட்க எண்ணியுள்ளோம்.

அதற்கு முன் செய்யவேண்டியது ஒன்று உண்டு. அந்த ஆசிரியையும் அவருடைய தாயாரும் இன்று திரைக்கு அப்பால் அமர்ந்திருக்கின்றனர். பொய்யை எந்தக் குழுவில் பரப்பினோமோ, அதே குழுவில் உண்மையை எழுதி, இன்று காலை மன்னிப்புக் கேட்டுள்ளோம். பரவிய இடமெல்லாம் அது சென்று சேராது என்பதை அறிவோம். ஆகவே, ஜமாஅத் முழுவதும் கூடியிருக்கும் இவ்விடத்திலும் கேட்கின்றோம். சகோதரியே, நீங்கள் உங்கள் அமானிதத்தை நிறைவேற்றினீர்கள். நாங்கள் எங்களுடையதில் தவறினோம். எங்களை மன்னியுங்கள். அடுத்த தேர்தலில் பணி ஆணை வரும்போது நீங்கள் தயங்காமல் செல்லவேண்டும். உங்கள் தாயார் கடைத்தெருவில் தலைநிமிர்ந்து நடக்க இந்த ஜமாஅத் பொறுப்பேற்கின்றது.

யா அல்லாஹ்! எங்கள் நாவுகளை அவதூறிலிருந்து காப்பாயாக. எங்கள் கைகளை விலை போவதிலிருந்து காப்பாயாக. எங்களுக்காக விழித்திருந்து உழைக்கும் அலுவலர்கள் அனைவருக்கும், அவர்கள் எம்மதத்தினராயினும், நல்ல உடல்நலத்தையும் நெஞ்சுரத்தையும் தந்தருள்வாயாக. எங்கள் ஊரில் அமைதியையும் நேர்மையையும் நிலைக்கச் செய்வாயாக. ஆமீன்.